பிரஸ்ஸுக்கு ஃபைல் அனுப்பும் முன் இதையெல்லாம் பார்த்துவிடுங்கள்

முன்பு கல்யாணப் பத்திரிகை அடிக்க வேண்டும் என்றால் பிரஸ்ஸிலேயே போய் உட்கார்ந்து, டிடிபி செய்பவர் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்ப்போம். இப்போது ஃபைல் வாட்ஸ்அப்பில் சிவகாசிக்குப் போகிறது, கட்டு பார்சலில் வருகிறது. ஆன்லைனில் ஆர்டர் எடுப்பவர்கள் பெரும்பாலும் கொடுத்ததை அப்படியே பிளேட் (அச்சுத் தகடு) போட்டுவிடுவார்கள். விலை குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். பிழை பார்க்கும் வேலை இனி உங்களுடையது.

பெரிய தலைவலி தமிழ் எழுத்துதான். நீங்கள் போனில் தட்டுவது யூனிகோடு என்ற பொது எழுத்து முறை, ஆனால் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளை இன்னும் விடாத பிரஸ்களில் அது ஒட்டாது, பாமினி மாதிரி பழைய ஃபாண்டுக்கு மாற்றித்தான் வேலை செய்வார்கள். அப்படி மாற்றும்போது நடுவில் இருக்கும் ஆங்கில எழுத்தெல்லாம் சம்பந்தமில்லாத தமிழ் எழுத்தாகிவிடும், மின்னஞ்சல் முகவரி, டிகிரி எல்லாம் அதில் மாட்டும். ஸ்ரீ, ரூபாய்க் குறி இரண்டையும் தனியாகப் பாருங்கள். நீங்களே டிசைன் செய்தால் எழுத்துகளை கர்வ்ஸ், அதாவது ஃபாண்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவம், ஆக்கி பிடிஎஃப் எடுங்கள். அதற்கப்புறம் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது என்பதால் மூல ஃபைலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டோவை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், அது சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கு, அதாவது 4 அங்குல அகலப் படத்துக்கு 1200 பிக்சல் வேண்டும்.

நிறத்தை சிஎம்ஒய்கே-யில் வையுங்கள், அதாவது அச்சில் பயன்படும் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மை. திரையில் பளீரென்று தெரியும் பச்சையும் நீலமும் தாளில் கொஞ்சம் மங்கும், அதற்குப் பிரஸ்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை. சின்ன எழுத்துகளுக்குக் கறுப்பு மை மட்டும் போதும். நான்கு நிறமும் சேர்ந்த கறுப்பு என்றால், பிளேட் ஒரு மயிரிழை விலகினாலே நிழல் தட்டும்.

நான்கு ஓரத்திலும் பிளீட், அதாவது வெட்டும்போது போய்விடும் கூடுதல் இடம், 3 மி.மீ. விடுங்கள். ஏ5 அளவு 148 × 210 என்றால் ஃபைல் 154 × 216 இருக்க வேண்டும். நடு மடிப்பில் சென்டர் பின் அடிக்கும் புத்தகமா, பக்க எண்ணிக்கை 4-ஆல் வகுபட வேண்டும்.

அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் மாதிரி (புரூஃப்) வந்ததும் தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று காலண்டரில் பாருங்கள், அச்சில் இருக்கும் போன் எண்ணை அப்படியே அழுத்தி அழைத்துப் பாருங்கள். அப்புறம் சரி சொல்லுங்கள்.

நூறு பிரதிக்குள் என்றால் பிளேட் போட்டு அடிக்கும் ஆஃப்செட்டே வேண்டாம், பிளேட் செலவு கட்டாது. பக்கத்துத் தெரு டிஜிட்டல் பிரின்ட் கடையே போதும்.