அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் லண்டனுக்கும் இடையே முறுகல்: பாடமாக்காமல் விடை எழுதுவது எப்படி

சாதாரண தரத்துக்கு வரலாறு படிக்கும் பிள்ளைகளின் கொப்பியைத் திறந்தால், அமெரிக்க சுதந்திரப் போரின் காரணங்கள் என்று ஒரு தலைப்பு இருக்கும், அதன் கீழே சீனிச் சட்டம், முத்திரைச் சட்டம், டவுன்சென்ட் சட்டம், தேயிலைச் சட்டம் என்று வரிசையாக எழுதிக் கோடு போட்டிருக்கும். அதை அப்படியே பாடமாக்கிக்கொண்டு பரீட்சை மண்டபத்துக்குப் போனால் இரண்டு ஞாபகம் வரும், மிச்சம் இரண்டு வராது. வந்தாலும் ஒன்றுக்கும் மற்றதுக்கும் என்ன தொடர்பு என்று எழுத வராது. யாழ்ப்பாணத்தில் ரியூசன் கொடுக்கிற ஆள் என்ற முறையில், நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தேயிலையை மறந்துவிடுங்கள். தொடங்க வேண்டிய இடம் 1763. பிரித்தானியாவும் பிரான்ஸும் மோதிய ஏழாண்டுப் போர் முடிந்து கனடா பிரான்ஸின் கையை விட்டுப் போகிறது. பிரித்தானியா வென்றுவிட்டது, ஆனால் அரசின் கடன் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது. இந்தப் பக்கம் வட அமெரிக்காவில் பிரித்தானியாவின் கீழ் இருந்த 13 குடியேற்றங்களின் குடியேற்றவாசிகளுக்கு, இவ்வளவு நாளும் வடக்கில் இருந்த பிரெஞ்சுப் பயம் இல்லாமல் போகிறது, அதாவது காவலுக்கு லண்டன் வேண்டும் என்ற தேவை குறைகிறது. காவலுக்குக் காசு கேட்கிறவருக்கு அவசரம் கூடிய அதே நேரத்தில், காவல் தேவைப்பட்டவருக்கு அவசரம் போய்விட்டது. இந்த ஒரு விஷயத்தை விடையின் முதல் பந்தியிலேயே எழுதினால் மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும். அதே வருடம் அப்பலாச்சியன் மலைகளுக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று மன்னர் பிரகடனம் விட்டதையும் ஒரு வரியில் சேருங்கள், காணி ஆசையில் இருந்தவர்களுக்கு அது பெரிய எரிச்சல்.

அடுத்து, ஒரு கொப்பித் தாளை மூன்றாக மடியுங்கள். முதல் நிரலில் லண்டன், அதாவது பிரித்தானிய அரசு, என்ன செய்தது, இரண்டாவதில் அங்கிருந்தவர்கள் என்ன செய்தார்கள். மூன்றாவது நிரலைத்தான் யாரும் போடுவதில்லை: லண்டன் எதை விட்டுக்கொடுத்தது, எதை விடாமல் பிடித்துக்கொண்டது? இப்போது நிரப்பிக்கொண்டு வாருங்கள்.

1764 சீனிச் சட்டம். பிள்ளைகள் பாதிப் பேர் 'வரியைக் கூட்டினார்கள்' என்று எழுதுவது இங்கேதான். சீனிப்பாகுக்கு இருந்த வரி கலனுக்கு 6 பென்ஸ், அதை 3 பென்ஸாகக் குறைத்தார்கள். பிறகு ஏன் கோபம்? முன்பு அந்த 6 பென்ஸை ஒழுங்காகக் கட்டியவர் குறைவு, கள்ளக்கடத்தல்தான் வழக்கம். இப்போது 3 பென்ஸை உண்மையிலேயே அறவிடத் தொடங்கினார்கள்.

1765 முத்திரைச் சட்டத்தில் கொஞ்சம் நின்று எழுதுங்கள், சரக்கு நிறைய உள்ள இடம் இது. பத்திரிகை, காணி உறுதி, வழக்குப் பத்திரம், அனுமதிப்பத்திரம், கடைசியில் சீட்டாடும் கடதாசிக்கும் முத்திரை வரி. இது யாரைப் போய்த் தொட்டது என்று பாருங்கள். வழக்கறிஞர், பத்திரிகைக்காரர், வியாபாரி, அதாவது பேசவும் எழுதவும் கூட்டம் கூட்டவும் தெரிந்த அத்தனை பேரையும் ஒரே சட்டத்தில் சீண்டியாகிவிட்டது. எங்கள் ஊரில் நொத்தாரிஸ்மாரையும் பத்திரிகை ஆசிரியர்களையும் ஒரே நாளில் பகைத்துக்கொண்டு யாராவது நிம்மதியாக இருக்க முடியுமா? ஒக்டோபரில் 9 குடியேற்றங்களின் பிரதிநிதிகள் நியூயோர்க்கில் கூடினார்கள். பிரித்தானியச் சாமான்களை வாங்க மறுத்தார்கள், வியாபாரம் படுத்துப்போன லண்டன் வர்த்தகர்களே சட்டத்தை எடுக்கச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். 1766 மார்ச்சில் சட்டம் நீக்கப்பட்டது.

மூன்றாவது நிரலுக்கு இப்போதுதான் வேலை. முத்திரைச் சட்டத்தை நீக்கிய அதே நேரத்தில், குடியேற்றங்களுக்கு எந்த விஷயத்திலும் சட்டம் இயற்றும் உரிமை தங்களுக்கு உண்டு என்று பாராளுமன்றம் இன்னொரு சட்டத்தை நிறைவேற்றி வைத்துக்கொண்டது. வரியை விட்டது, உரிமையை விடவில்லை. இதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

1767இல் டவுன்சென்ட் சட்டங்கள் வருகின்றன: கண்ணாடி, ஈயம், பெயின்ட், கடதாசி, தேயிலை எல்லாவற்றுக்கும் இறக்குமதி வரி. திரும்பவும் பகிஷ்கரிப்பு, அடுத்த வருடம் பொஸ்டனில் படை இறங்குகிறது. 1770 மார்ச் 5 இரவு அந்தப் படையினர் சுட்டதில் 5 பேர் இறந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அதே நாளில்தான் லண்டனில் பிரதமர் நோர்த், தேயிலை வரி தவிர மற்ற வரிகளை எடுத்துவிடும் யோசனையைப் பாராளுமன்றத்தில் வைக்கிறார். அட்லாண்டிக்கைத் தாண்டிச் செய்தி வர வாரக்கணக்கில் எடுக்கும் காலம், பொஸ்டனில் யாருக்கும் அது தெரியாது. சுட்ட படையினருக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதியான ஜோன் அடம்ஸ். விடையில் இடம் இருந்தால் இதைப் போடலாம், இல்லாவிட்டால் விடுங்கள்.

சரி, இனித் தேயிலைக்கு வரலாம். 1773 தேயிலைச் சட்டத்தால் தேயிலை விலை ஏறவில்லை, இறங்கியது. விற்காமல் தேங்கிய சரக்கோடு தடுமாறிய கிழக்கிந்தியக் கம்பனி நேரடியாக அங்கே விற்கலாம் என்று விட்டார்கள், ஆனால் இறாத்தலுக்கு 3 பென்ஸ் என்ற பழைய வரி அப்படியே இருந்தது. மலிவான தேயிலையை ஏன் கடலில் கொட்டினார்கள் என்று கேட்கும் பிள்ளைக்கு நான் வேலிச் சண்டையைத்தான் காட்டுவேன். பக்கத்து வீட்டுக்காரர் கதியாலை அரை அடி உள்ளே தள்ளி நட்டால், அந்த அரை அடியின் பெறுமதியைப் போலப் பத்து மடங்கு செலவழித்து வழக்குப் பேசுவார்கள் எங்கள் ஆட்கள். இன்றைக்கு விட்டால் நாளைக்கு அது அவருடைய காணி. அங்கேயும் அதே கணக்குத்தான்: மலிவு என்று வாங்கிக் குடித்தால் வரி விதிக்கும் உரிமையை ஒத்துக்கொண்டதாகிவிடும். டிசம்பர் 16 இரவு பொஸ்டன் துறைமுகத்தில் 3 கப்பல்களிலிருந்து 342 பெட்டிகள் கடலுக்குப் போயின. அப்புறம், அது இலங்கைத் தேயிலை இல்லை, சீனத் தேயிலை. இங்கே ஜேம்ஸ் டெய்லர் தோட்டம் போட்டது 1867இல்.

இதற்குத் தண்டனையாக 1774இல் லண்டன் பொஸ்டன் துறைமுகத்தை மூடி, பொஸ்டன் இருந்த குடியேற்றமான மசாசூசெட்ஸின் சுயாட்சியையும் வெட்டியது. இதுதான் லண்டன் செய்த மிகப் பெரிய முட்டாள்தனம் என்பது என் கருத்து, தண்டித்தது ஒன்றை, சேர்த்து வைத்தது பன்னிரண்டை. செப்டெம்பரில் பிலடெல்பியாவில் ஜோர்ஜியா தவிர 12 குடியேற்றங்களும் கூடின.

உயர்தரப் பிள்ளைகள் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். பிரித்தானியாவில் இருந்தவர்கள் குடியேற்றவாசிகளை விடக் கூடுதலாக வரி கட்டினார்கள், உங்களுக்கும் சேர்த்துத்தானே படை வைத்திருக்கிறோம் என்பது அவர்கள் நியாயம். பிரதிநிதி இல்லாமல் வரி இல்லை என்ற வாதத்துக்கு, அன்றைக்கு மான்செஸ்டருக்கே பாராளுமன்றத்தில் தனி ஆசனம் கிடையாது என்று பதில் சொல்ல முடிந்தது. சுதந்திரம் பேசிய பலரிடம் அடிமைகள் இருந்ததையும் விட்டுவிடாதீர்கள். ஒப்பிடச் சொல்லிக் கேட்டால் தூரம் போகத் தேவையில்லை, 1848இல் டொரிங்டன் தேசாதிபதி இங்கே நாய்க்கும் துவக்குக்கும் கடைக்கும் வரி போட்டு, வருடம் 6 நாள் தெருவேலையும் கேட்டது கையிலேயே இருக்கிறது.

காரணங்களைக் கேட்ட கேள்வி என்றால் 1775 ஏப்ரல் 19, லெக்சிங்டனில் முதல் வெடி கேட்டவுடன் பேனையை வையுங்கள். போரின் விளைவுகளையும் கேட்டிருந்தால் மட்டும் தொடருங்கள், அப்போது 1782இல் அதே போரின் பகுதியாக பிரித்தானியக் கப்பல்களும் பிரெஞ்சுக் கப்பல்களும் எங்கள் திருகோணமலைக்கு வெளியே மோதிக்கொண்டதையும் தயங்காமல் எழுதலாம்.