புது வீட்டுக்கு ஸ்பிரிங்க்ளர் வேண்டுமா? சுவர் மூடுவதற்குள் முடிவெடுங்கள்

கலிபோர்னியாவில் 2011 ஜனவரி முதல் புதிதாகக் கட்டும் தனி வீடுகளில், தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் கட்டாயம். நான் இருக்கும் டெக்சாஸில் நேரெதிர். நகராட்சிகள் புதிதாக அப்படி விதி போடவே கூடாது என்று 2009-லேயே மாநிலச் சட்டம் வந்துவிட்டது. அதே ஆண்டு வெளியான தேசிய மாதிரி வீட்டு விதியோ (ஐஆர்சி; மாநிலங்கள் இதை ஏற்கலாம், மாற்றலாம்) எல்லாப் புது வீட்டுக்கும் வேண்டும் என்றது. தீயணைப்புத் துறையினர் ஆதரித்தார்கள். வீடு கட்டுவோர் சங்கம், செலவு ஏறும், புகை அலாரமே போதும் என்று எதிர்த்தது.

அலாரம் தூங்குபவரை எழுப்பும், சரி. மூட்டுவலியோடு மாடியில் படுத்திருக்கும் என் அம்மாவைப் படியிறக்கி விடுமா? ஃபோம் சோபா நிறைந்த இன்றைய ஹால் நான்கு நிமிடத்துக்குள் முழுவதும் பற்றிக்கொள்வதை, பாதுகாப்புச் சோதனைகள் நடத்தும் யூஎல் ஆய்வகம் எரித்தே காட்டியிருக்கிறது. பழைய பாணி மரச்சாமான் அறைக்கு அரை மணி நேரம் பிடித்தது. அதனால் வயதானவர்களோ கைக்குழந்தையோ இருக்கிற வீடென்றால், சட்டம் கேட்காவிட்டாலும் போடுங்கள் என்பதே என் கட்சி.

பில்டரிடம் ஒப்பந்தம் போடும்போதே பேசிவிடுங்கள். தளம் போட்ட பிறகு கேட்டால், தெருவிலிருந்து வரும் தண்ணீர்க் குழாயின் அளவை மாற்றுவது பெரும்பாடு. அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கம் வீடுகளுக்கு வகுத்த என்எஃப்பிஏ 13டி தரப்படி, பொதுவாக இரண்டு ஸ்பிரிங்க்ளர்களுக்குப் பத்து நிமிடம் தண்ணீர் வர வேண்டும். தெரு அழுத்தம் அதற்குப் போதுமா, மீட்டரைப் பெரிதாக்கணுமா என்று எழுத்தில் கேளுங்கள். கிணற்று நீர் என்றால் தொட்டியும் பம்பும் சேரும்.

விலை? 2013-இல் வந்த ஓர் ஆய்வில் நாடளாவிய சராசரி சதுர அடிக்கு 1.35 டாலர். 2,500 சதுர அடிக்கு 3,375 டாலர் ஆகிறது. எங்கள் பக்கம் இந்த வேலை செய்பவர்கள் குறைவு, எனக்கு வந்த விலை இதைவிட அதிகம். இன்சூரன்ஸில் எவ்வளவு தள்ளுபடி என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

குழாய் எந்த வழியாகப் போகிறது என்பதில்தான் கறாராக இருக்க வேண்டும். 2021 பிப்ரவரிக் குளிரில் இங்கே எத்தனை வீட்டுக் குழாய்கள் வெடித்தன! கூரைக்கு அடியில் ஓடும் குழாயை இன்சுலேஷனுக்கு (குளிரைத் தடுக்கும் பஞ்சு அடுக்கு) மேலே விடாமல், அதற்குக் கீழே, வீட்டுச் சூடு படும் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். சுவர் மூடும் முன் அழுத்தச் சோதனையை நேரில் பாருங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமியார் கேட்ட கேள்வி: "தாளிச்சா தண்ணி கொட்டுமா?" கொட்டாது. புகைக்கு ஸ்பிரிங்க்ளர் அசையாது. பெரும்பாலானவை 57 முதல் 74 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் திறக்கும், அதுவும் தீக்குப் பக்கத்தில் இருப்பது மட்டும். வீட்டில் உள்ள எல்லாமே ஒன்றாகப் பொழிவது சினிமாவில்தான்.

குடிபோன பிறகு ஸ்பிரிங்க்ளர் மூடிமேல் பெயின்ட் அடிக்காதீர்கள், பிறந்தநாள் தோரணத்தை அதில் கட்டாதீர்கள். கொலுப்படியை உயர்த்தினால் அதன் தெளிப்பை மறைக்காமல் வையுங்கள். தண்ணீரை அடைக்கும் வால்வு எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். பந்து பட்டு உடைந்தாலும் அங்கேதான் ஓட வேண்டும்.