நாய்க்குப் பச்சை இறைச்சியா, பாக்கெட் உணவா? முதன்முறை வளர்ப்பவர்களுக்கு

ஓநாயின் வாரிசுக்குப் பச்சை இறைச்சிதான் சரி என்பார் ஒருவர். பாக்கெட் உணவைத் தவிர வேறெதையும் தொடாதே என்பார் இன்னொருவர். ஓநாய்க் கதையை முதலில் ஓரம் கட்டுவோம். மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் நகல்கள் ஓநாயைவிட நாயிடம் மிக அதிகம் என்று 2013இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. மனிதனோடு சாப்பிட்டே மாறிப்போன பிராணி அது.

படி 1: நாயைப் பார்க்கும் முன் வீட்டைப் பாருங்கள். பச்சை இறைச்சியில் சால்மோனெல்லா, லிஸ்டீரியா போன்ற பாக்டீரியாக்கள் இருக்கலாம். நாய் துள்ளிக்கொண்டிருக்கும், ஆனால் அதன் எச்சிலிலும் மலத்திலும் கிருமி வெளியேறும். ஃப்ரீசரில் வைத்தால் பாக்டீரியா எல்லாம் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர் என யாராவது வீட்டில் இருந்தால் பச்சை இறைச்சி வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் யோசனையே கிடையாது.

படி 2: நாயின் வயது. எலும்பில்லாத இறைச்சியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பத்து மடங்குக்கும் அதிகம். வளரும் குட்டிக்கோ கால்சியம்தான் சற்றுக் கூடுதலாக வேண்டும். வெறும் இறைச்சியில் வளரும் குட்டிக்கு, குறிப்பாகப் பெரிய இனக் குட்டிக்கு, கால் எலும்பு வளையலாம், முறியவும் செய்யலாம்.

படி 3: பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்பக்கத்துப் படம் விளம்பரம். 'முழுமையான, சமச்சீரான உணவு' என்ற பொருளில் ஒரு வரியும், அது குட்டிக்கா வளர்ந்த நாய்க்கா என்பதும் இருக்க வேண்டும். 'துணை உணவு' என்றிருந்தால் அதை மட்டுமே கொடுத்து வளர்க்க முடியாது.

புரத அளவை ஒப்பிடும்போதுதான் பலரும் ஏமாறுகிறார்கள். டின் உணவில் புரதம் 8%, ஈரப்பதம் 78%. உலர் உணவில் புரதம் 24%, ஈரப்பதம் 10%. எதில் புரதம் அதிகம்? தண்ணீரைக் கழித்துப் பாருங்கள். டின்னில் மிஞ்சுவது 22. அதில் 8 என்றால் சுமார் 36%. உலர் உணவில் 90க்கு 24, சுமார் 27%. டின்தான் முந்துகிறது!

படி 4: பச்சை இறைச்சிதான் என்று முடிவெடுத்தால், அளவுக் குறிப்பைக் கால்நடை ஊட்டச்சத்து நிபுணரிடம் எழுதி வாங்குங்கள். ஈரல் சத்தானது என்று அள்ளிக் கொடுத்தால் வைட்டமின் ஏ மிகையாகிவிடும். வெட்டும் பலகையும் கத்தியும் தனியாக இருக்கட்டும். வேகவைத்த எலும்பு மட்டும் எந்த நாளும் வேண்டாம். அது சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழித்துவிடும்.

படி 5: எதற்கு மாறினாலும் 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் புதியது கால் பங்கு, பிறகு பாதி, பிறகு முக்கால். மலம் இளகினால் முந்தைய அளவுக்கே திரும்புங்கள். வாரம் ஒருமுறை விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. அழுத்தித் தேட வேண்டியிருந்தால் தட்டில் கொஞ்சம் குறையுங்கள். கெஞ்சும் கண்களைப் பார்க்காதீர்கள்.