கடற்கரையில் கூடாரம், கேம்பர் வேன்: மாலையில் செய்த தவறு நள்ளிரவில் தெரியும்

கடல் வற்றியிருக்கும் மாலை 5 மணிக்குப் போய் இறங்கினால் கரை மைதானம் போல விரிந்து கிடக்கும். ஈர மணல் கெட்டியாக, சமமாக இருக்கும். அங்கேயே கூடாரத்தை விரிக்கத் தோன்றும். பெரும்பாலான கடற்கரைகளில் கடல் வற்றி முடிந்ததிலிருந்து முழுதாக ஏற ஏறக்குறைய ஆறேகால் மணி நேரம் ஆகும். 5 மணி வற்றத்துக்கு ஏற்றம் இரவு 11.15-க்கு. எல்லோரும் படுத்துக் கண்ணயரும் நேரம் அது.

ஏற்ற நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் இன்னும் மேலே வரும். கடலிலிருந்து கரை நோக்கிப் பலத்த காற்று அடித்தால் அதற்கும் மேலே. ஆகவே ‘நேற்று இதுவரைதான் வந்தது’ என்ற கணக்கு இன்றைக்கு உதவாது. போகும் நாட்களுக்கான ஏற்ற வற்ற அட்டவணையைப் புறப்படும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆளில்லாக் கரையில் போனுக்கு சிக்னல் கிடைக்கும் என்று நம்பிப் போவது தனித் தவறு.

அட்டவணை நேரத்தைச் சொல்லும். தண்ணீர் எதுவரை வரும் என்பதை மணலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடற்பாசி, சிப்பி, குச்சி, பாட்டில் மூடி எல்லாம் ஒரு கோடாக ஒதுங்கியிருக்கும். பல இடங்களில் இப்படி இரண்டு மூன்று கோடுகள் இருக்கும். ஈரமாக இருப்பது கடைசி ஏற்றத்தின் கோடு. எல்லாவற்றுக்கும் மேலே வெளுத்துக் காய்ந்து கிடக்கிறதே, அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். கூடாரம் அதற்கும் மேலே, மணல்மேட்டின் அடிவாரத்துக்குக் கீழே. மேட்டின் மீது ஏறக் கூடாது. அடும்பு போன்ற கொடிகளும் புற்களும்தான் அந்த மேட்டைப் பிடித்து வைத்திருக்கின்றன. மிதித்து அவை பட்டுப்போனால் மணல் காற்றோடு போய்விடும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. அலை ஒதுக்கும் மணல் கரையோரம் ஒரு வரப்பாக உயர்ந்து, அதன் பின்னால் பள்ளம் விழுந்திருக்கும். வரப்பு உயரமாக இருக்கிறதே என்று அதன் மேல் தங்கினால், தண்ணீர் ஓரிடத்தில் வரப்பைத் தாண்டி முதலில் பின்பக்கப் பள்ளத்தை நிரப்பும். கூடாரம் நனையாது, ஆனால் வெளியேறும் வழி அடைபட்டுவிடும். வண்டிகள் ஓட அனுமதி உள்ள கரையில் டயர் தடத்தின் மீது படுப்பது இதைவிட ஆபத்து. இரவில் விளக்கில்லாத கூடாரம் ஓட்டுபவர் கண்ணில் படாது. தடத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவே உங்கள் வண்டி நிற்கட்டும்.

மணலில் முளை நிற்காது

கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளை புல்தரைக்கானது. காய்ந்த மணலில் இரண்டு விரலால் இழுத்தாலே கையோடு வந்துவிடும். 30 முதல் 40 செ.மீ. நீளமுள்ள, அகலமான மணல் முளைகள் தனியாகக் கிடைக்கும். அவை இல்லையென்றால் புதைமூட்டை போதும். ஒரு துணிப்பையில் ஐந்தாறு கிலோ மணலை நிரப்பி, வாயைக் கயிற்றால் இறுகக் கட்டி, முழங்கால் ஆழத்தில் புதையுங்கள். கயிறு மூட்டையிலிருந்து நேர் மேலே வரக் கூடாது. கூடாரம் இழுக்கும் திசையில் சாய்வாக வெளிவரும்படி மணலில் ஒரு வாய்க்கால் கீறிவிடுங்கள். நேர் மேலே இழுபட்டால் மூட்டையின் எடையும் அதன் மேல் கிடக்கும் மணலின் எடையும்தான் தடை. சாய்வாக இழுபட்டால் அதன் முன்னால் உள்ள மணல் முழுவதும் சேர்ந்து தடுக்கும். மூடிய பின் மிதித்து இறுக்கி, ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் இன்னும் கெட்டிப்படும்.

வாசலைக் கடல் பார்க்க வைப்பது அழகுக்குச் சரி. பகலில் கடற்காற்று, இரவில் பெரும்பாலும் நிலக்காற்று, அதாவது காற்று திசை மாறும். அதனால் காற்றடிக்கும் பக்கம் மட்டும் கயிறு கட்டி நிறுத்தாமல் நாலா பக்கமும் கட்டுங்கள். நிழலுக்குப் போடும் நான்கு கால் பந்தலைப் படுக்கும் முன் கழற்றி மடித்துவிட வேண்டும். ராத்திரியில் முதலில் பறப்பது அதுதான். இடி கேட்டால் கூடாரம் பாதுகாப்பே இல்லை. உலோகக் கூரையுள்ள வண்டிக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் இருங்கள். ஃபைபர் கிளாஸ் உடல் கொண்ட கேரவன் இதற்கு உதவாது.

வண்டி

சாலையில் டயர் காற்றழுத்தத்தை 35 பிஎஸ்ஐ வைத்து ஓட்டும் நான்கு சக்கர இயக்க வண்டியை மணலில் இறக்கும் முன் அதை 18 முதல் 20 பிஎஸ்ஐக்கு இறக்க வேண்டும். காற்றைக் குறைத்தால் டயர் நீளவாட்டில் படிந்து, எடை பரவும். புதைந்தபின் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. பெரிய மோட்டார் ஹோமுக்கு இந்த எண்கள் பொருந்தாது. எடைக்கேற்ற குறைந்தபட்ச அழுத்தத்தை டயர் தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்க்க வேண்டும். எங்களைக் கேட்டால், அதை இளமணலில் இறக்கவே வேண்டாம்.

சக்கரம் சுழன்று வண்டி நகரவில்லை என்றால் உடனே காலை எடுங்கள். இன்னும் மிதித்தால் டயர் தனக்குத்தானே குழி பறித்து, அடிச்சட்டம் மணலில் உட்கார்ந்துவிடும். இறங்கி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மணலை வாரி எடுத்து, அழுத்தத்தை 15-க்கு இறக்கி, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். அந்த மணல் ஏற்கெனவே அமுங்கியிருப்பதால் பிடி கிடைக்கும். 15 பிஎஸ்ஐயில் ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். இன்னொரு வண்டியால் இழுக்கும்போது பட்டையை டிரெய்லர் கொக்கியின் குண்டில் மாட்டவே கூடாது. அது முறிந்தால் பீரங்கிக் குண்டாகப் பறக்கும். இழுப்பதற்கென்று உள்ள வளையத்தில் மாட்டுங்கள்.

நிறுத்தும்போது பிரேக்கை அழுத்தினால் டயருக்கு முன்னால் மணல் குவிந்து, கிளம்பும்போது அதுவே தடையாகிவிடும். வேகத்தைக் குறைத்துத் தானாக ஓய விடுங்கள். ஜாக்கிக்கு அடியில் 2 செ.மீ. தடிமனில், ஒரு பக்கம் 50 செ.மீ. உள்ள ஒட்டுப்பலகை வேண்டும். இல்லாவிட்டால் வண்டி எழும்பாது, ஜாக்கிதான் இறங்கும்.

தண்ணீர், கழிவு, நெருப்பு

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர். உப்பைக் கழுவத் தனியாக. கேம்பர் வேனில் நல்ல தண்ணீர் தீருவதற்கு முன்பே கழிவுத் தொட்டி நிரம்பலாம், அதையும் கணக்கில் வையுங்கள். கழிவை மணலில் திறந்துவிடவோ, மலத்தை மணலில் புதைக்கவோ கூடாது. மட்கப் போதிய மண் அங்கில்லை, அடுத்த பெரிய ஏற்றம் தோண்டி எடுத்துவிடும். பையில் கட்டித் திரும்ப எடுத்துவர வேண்டும். வேனில் உள்ள ஈய அமில பேட்டரியின் கொள்ளளவு 100 ஆம்பியர் ஹவர் என்றால் பாதியைத்தான் செலவழிக்கலாம். சிறிய 12 வோல்ட் ஃபிரிட்ஜ் ஒன்றே ஒரு நாளில் அதைக் குடித்துவிடக்கூடும்.

காற்று பலமாக இருக்கிறதென்று அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது. ஜெனரேட்டரும் காற்று போகும் பக்கமாக, 6 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

வெளியே மூட்டிய நெருப்பை மணல் போட்டு மூடுவது நல்லதென்றே பலரும் நினைக்கிறார்கள். மூடினால் தணல் அணையாது, சூடு மணிக்கணக்கில் உள்ளே நிற்கும். மேலே பார்த்தால் வெறும் மணல்தான். காலையில் வெறுங்காலோடு ஓடும் குழந்தை அதில் கால் வைத்துச் சுட்டுக்கொள்ளும். தண்ணீரை ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு தெரியவில்லை என்று உறுதியான பிறகு படுங்கள்.