ஆவாரையை விதை போட்டு வளர்ப்பது எப்படி?

நாங்குநேரி தாண்டி வள்ளியூர்ப் பக்கம் பஸ்ஸில் போனால் ஜன்னலுக்கு வெளியே பனை, உடைமரம், இடையிடையே மஞ்சள் மஞ்சளாக ஆவாரை. தண்ணீர் ஊற்ற ஆளில்லை. ஆடு மாடுகூடப் பெரும்பாலும் வாய் வைப்பதில்லை. பட்டையில் அவ்வளவு துவர்ப்பு. தோல் பதனிட அந்தக் காலத்தில் இதைத்தான் உரித்தார்கள். அது பாட்டுக்குப் பூத்து நிற்கிற இந்தச் செடி வீட்டு வாசலுக்கு வந்தால் மட்டும் செத்துப்போகிறது.

நானும் ஒன்றைக் கொன்றவன்தான். பொத்தையடியில், அதாவது சின்னக் குன்றின் அடிவாரத்தில், நன்றாகப் பூத்து நின்ற செடியை மண்வெட்டியால் தோண்டி, சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தேன். காலையும் மாலையும் தண்ணீர். ஐந்தாம் நாள் இலையெல்லாம் கொட்டிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் ஆணிவேர் பாதியில் அறுந்திருக்கிறது. ஆகவே தோண்ட வேண்டாம், விதை போடுங்கள்.

முதலில் செடி அதுதானா என்று பார்க்க வேண்டும். பொன்னாவரை, தகரை என்று மஞ்சள் பூக்காரர்கள் நிறைய. பூவை விட்டுவிட்டு, இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தைப் பாருங்கள். காதுமடல் மாதிரி அகலமான இரண்டு குட்டிச் செதில்கள் தண்டை ஒட்டி நிற்கும். தாவரவியல் பெயரான சென்னா ஆரிகுலேட்டாவில் இரண்டாவது சொல்லுக்கே 'காதுள்ளது' என்றுதான் பொருள்.

காய் பழுப்பேறி, காகிதம் போல மெலிந்து, ஆட்டினால் சலசலக்கும்போது பறியுங்கள். பச்சையாகப் பறித்த காயில் விதை முற்றியிருக்காது. உரித்துப் பரப்பினால் சில விதைகளில் ஊசி குத்தியது போல ஓட்டை தெரியும். வண்டு தின்றது, தூக்கி எறிந்துவிடலாம்.

அடுத்த வேலையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். விதையின் தோல் கல் மாதிரி. அப்படியே மண்ணில் போட்டால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்குங்கள். கொதி அடங்கியதும் விதை மேல் ஊற்றி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். அடுப்பிலேயே வைத்துக் கொதிக்க விட்டால் சுண்டல்தான் கிடைக்கும். காலையில் சில விதைகள் உப்பியிருக்கும், அவற்றை உடனே ஊன்றலாம். உப்பாததை உப்புத்தாளில் ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறப்போடுங்கள். உப்புத்தாள் இல்லையா, சிமெண்டுப் படிக்கட்டு போதும்.

மண் இரண்டு பங்கு செவல், ஒரு பங்கு மணல், ஒரு கைப்பிடி மக்கிய சாணம். அவ்வளவுதான். அடியில் ஓட்டை போட்ட, ஆழமான நாற்றுப் பையில் விரல் நகம் மறையும் அளவுக்கு ஊன்றுங்கள். இடம் சொந்தமாக இருந்தால் பையே வேண்டாம். நம் பக்கம் மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். ஐப்பசி பிறக்கும்போது நேரடியாக நிலத்தில் போட்டுவிட்டால் வேர் தடையில்லாமல் இறங்கும். பையில் வளர்ப்பவர்கள் மழை ஓய்வதற்குள், மண் உதிராமல் நட்டுவிடுங்கள். செடிக்குச் செடி நாலடி இருக்கட்டும். நாள் முழுக்க வெயில் விழும் இடம்தான் சரி. சுவர் நிழலில் வைத்தால் நெடுநெடுவென வளருமே ஒழியப் பூக்காது.

முதல் கோடைக்கு வாரம் ஒரு வாளி தண்ணீர் போதும். அப்புறம் ஆனி ஆடியில் கணவாய்க் காற்று அடிக்கும். பணகுடியில் மின்சாரக் காற்றாடிகள் சுற்றும் அதே காற்றுதான். செடி காய்ந்தது போலத் தெரிந்தால் பயந்துபோய்த் தண்ணீரைக் கொட்டாதீர்கள். நகத்தால் தண்டைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இரண்டாம் வருஷம் பூத்தது. காலையில் கருவண்டு வந்து பூவைப் பிடித்துக்கொண்டு 'விர்ர்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். பூவில் தேன் கிடையாது. மகரந்தப் பையின் நுனியில் இருக்கும் துளை வழியே, அந்த அதிர்வில்தான் தூள் உதிர்கிறது. காதலை ஊரறியச் சொல்லப் பனைமடலில் செய்த குதிரையில் ஏறிய சங்க காலத்துக் காதலன் இந்தப் பூவைத்தான் மாலையாகக் கட்டினான். பனையும் ஆவாரையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற ஊர்க்காரர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

இலையில் பச்சைப் புழுக்களைப் பார்த்தால் மருந்து அடிக்க வேண்டாம். வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சியின் பிள்ளைகள் அவை. தின்ற கிளை மறுபடி துளிர்க்கும். காய் எடுத்த பிறகு முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள், அடுத்த மழைக்குப் புதராக வரும்.