சாத்துக்குடி, எலுமிச்சை, காய்கறிகளுடன் முழுச் சங்கரா மீனை ஓவனில் சுடும் முறை

முழு மீனை ஓவனில் வைக்கத் தயங்குபவர்கள், உள்ளே வேகாமல் போய்விடுமோ அல்லது வறண்டுவிடுமோ என்றே அஞ்சுகிறார்கள். உண்மையில், துண்டு போட்ட மீனைவிடத் தோலும் முள்ளும் உள்ள முழு மீன் தன் ஈரத்தை நன்றாகக் காத்துக்கொள்ளும் என்பதால், புதிதாகச் சமைப்பவர்களுக்கு இதுவே ஏற்றது. கவனிக்க வேண்டியவை இரண்டு: காய்கறியை மீனுக்கு முன்பே ஓவனுக்குள் அனுப்ப வேண்டும், புளிப்பை அதற்குரிய நேரத்தில் மட்டும் சேர்க்க வேண்டும்.

தேவையானவை

ஏறத்தாழ 800 கிராம் எடையுள்ள சங்கரா ஒன்று (கொடுவாவும் நன்றாக வரும்), உருளைக்கிழங்கு 3, கேரட் 2, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, தக்காளி 1, பூண்டு 6 பல், எலுமிச்சை 2, சாத்துக்குடி 1, கொத்தமல்லித்தழை, மிளகுத்தூள், உப்பு, கடலை எண்ணெய் 4 மேசைக்கரண்டி.

மீனை வாங்குதலும் ஆய்தலும்

இந்தச் சமையலில் மசாலாவின் மறைப்பு இல்லை என்பதால், பழைய மீன் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். கண் தெளிவாகவும் சற்றுப் புடைத்தும், செவுள் நல்ல சிவப்பாகவும் இருக்க வேண்டும். விரலால் அழுத்திய இடம் உடனே மேலெழும்ப வேண்டும். செதிலையும் குடலையும் நீக்கி, செவுளையும் எடுத்து, தலையோடு முழுதாகத் தருமாறு மீன் வெட்டுபவரிடம் கேளுங்கள். செவுள் தங்கிவிட்டால் கசப்பு இறங்கும். வயிற்றின் உட்புறம் நடுமுள்ளை ஒட்டி ஓடும் கருஞ்சிவப்பு இரத்தக் கோட்டைக் கட்டைவிரலால் சுரண்டிக் கழுவுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கவுச்சி வாடையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

கழுவிய மீனை உள்ளும் புறமும் துணியால் ஒற்றி, ஈரம் சிறிதும் இல்லாமல் துடையுங்கள். தோலில் நீர் இருந்தால் மீன் சுடப்படாது, அவிந்துதான் போகும். பின்னர் இரு பக்கமும் மும்மூன்று சாய்வான கீறல்களை நடுமுள் வரை இட்டு, உப்பு, மிளகுத்தூள், எண்ணெய் ஆகியவற்றைக் கீறல்களுக்குள்ளும் படும்படி தடவுங்கள். மிளகாய்த்தூளை நான் சேர்ப்பதில்லை. இவ்வளவு சூட்டில் அது கருகி, பழத்தின் மணத்தைக் கெடுத்துவிடுகிறது.

காய்கறி முதலில்

ஓவனை 200 டிகிரி செல்சியஸில், மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியும்படி, 15 நிமிடம் சூடாக்குங்கள். உருளைக்கிழங்கை அரை விரல் கனத்திலும் கேரட்டை அதைவிடச் சற்று மெல்லியதாகவும் நறுக்கி, உப்பும் எண்ணெயும் பிசறித் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, 20 முதல் 25 நிமிடம் வேகவிடுங்கள். கிழங்கின் ஓரம் பொன்னிறமாகத் தொடங்கியதும் வெங்காயம், பூண்டு, தக்காளித் துண்டுகளைச் சேர்க்கலாம். ஒரு தக்காளிக்கு மேல் வேண்டாம், ஏனெனில் அது விடும் நீர் தட்டு முழுவதையும் ஈரமாக்கிவிடும்.

பழங்களைச் சேர்க்கும் விதம்

எலுமிச்சைச் சாற்றில் மீனை நெடுநேரம் ஊறவைப்பது தவறு. அமிலம் பட்டதும் சதையின் புரதம் இறுகி, அடுப்பேறும் முன்பே மீன் வெளுத்து விறைத்துப்போகும். ஆகவே ஓவனுக்குள் போகும்போது வில்லைகளும், வெளியே வந்த பிறகு சாறும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஓர் எலுமிச்சையை மெல்லிய வில்லைகளாக்கி, விதைகளை நீக்கி, கொத்தமல்லித் தண்டுடன் மீனின் வயிற்றுக்குள் அடுக்குங்கள்; அங்கிருந்து எழும் ஆவியே சதைக்கு மணம் ஏற்றும். சாத்துக்குடியைத் தோலோடு வெள்ளைப் பகுதியும் போகும்படி சீவிய பின்னரே வில்லையாக்க வேண்டும், இல்லையேல் அந்த வெண்தோல் சூட்டில் கசக்கும். அந்த வில்லைகளைக் காய்கறியின் மேல் பரப்பி, அவற்றின் மீது மீனைக் கிடத்துங்கள். வாலின் நுனியில் அலுமினியத் தாளைச் சுற்றினால் கருகாது.

பதம் பார்த்தல்

நடுத்தட்டில் வைத்த 800 கிராம் மீன் 22 முதல் 28 நிமிடத்தில் வெந்துவிடும். புரட்ட வேண்டாம். கண் வெண்முத்தாக மாறியிருக்கும். முதுகுத் துடுப்பை இழுத்தால் எதிர்ப்பின்றிக் கையோடு வரும். கீறலுக்குள் கத்தி முனையால் விலக்கினால், கண்ணாடி போலிருந்த சதை முழுதும் வெளுத்து முள்ளை விட்டு நழுவும். சமையல் வெப்பமானி இருந்தால், தடித்த இடத்தில் 63 டிகிரி காட்டினால் போதும். வெளியே எடுத்து 5 நிமிடம் அப்படியே விட்டு, இரண்டாவது எலுமிச்சையைப் பிழிந்து, கொத்தமல்லித்தழையைத் தூவுங்கள்.

பரிமாறும்போது நடுக்கோட்டில் கத்தியால் கீறி, மேற்பக்கச் சதையை இரு பாதியாக வழித்தெடுங்கள். பின்பு வாலைப் பிடித்துத் தூக்கினால் நடுமுள் தலையோடு சேர்ந்து எழும்பிவிடும். வயிற்றோரச் சிறுமுட்களை மட்டும் குழந்தைகளுக்குத் தரும் முன் கையால் தடவிப் பார்த்து அகற்றுங்கள். தட்டின் அடியில் தேங்கியிருக்கும் சாற்றை ஒரு சொட்டும் வீணாக்காமல் கிழங்கின் மீது ஊற்றலாம், சுடுசோற்றிலும் பிசையலாம்.