ஜல்லிப் பாதையோரம் தாங்குசுவர்: வானம் (அடித்தளப் பள்ளம்) தோண்டுவது முதல் மூடுகல் வரை

வண்டி வந்து போகிற ஜல்லிப் பாதையின் ஒரு பக்கம் மேடாக இருந்தால், ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் மண் கரைந்து பாதையில் இறங்கும். ஜல்லிக்குள் மண் புகுந்தால் பாதை சேறாகும், சக்கரம் பதியும். எத்தனை லோடு ஜல்லி கொட்டினாலும் அடுத்த மழையில் பழைய கதைதான். மேட்டை நிறுத்தி வைக்க ஒரு தாங்குசுவர், அதாவது ரீடெய்னிங் வால், வேண்டும். சிமெண்ட் கலவை இல்லாமல் கான்கிரீட் கல்லை அடுக்கியே கட்டும் முறையை இங்கே சொல்கிறோம். முதல்முறை கட்டுகிறவருக்கு இதுதான் ஏற்றது. ஒரு கல் தப்பாக உட்கார்ந்தால் எடுத்துவிட்டு மறுபடி வைக்கலாம்.

முதலில் தண்ணீரைப் பற்றி

ஒரு மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் நன்றாக வடிகிற மண் இருந்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் அது ஏறக்குறைய 300 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். அதே மண்ணில் மேல்மட்டம் வரை தண்ணீர் தேங்கி நின்றால் அது 600 கிலோவைத் தாண்டிவிடும். மண்ணும் மாறவில்லை, உயரமும் மாறவில்லை. தண்ணீர் போக வழியில்லை, அவ்வளவுதான். கீழே வரும் வேலையில் பாதி, தண்ணீரை வெளியேற்றுகிற வேலை. கட்டி முடித்ததும் அது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் பலர் அதைச் சுருக்கிவிடுகிறார்கள், இரண்டு மூன்று மழைக்காலத்தில் சுவர் வயிறு தள்ளி நிற்கிறது.

ஜல்லிப் பாதைக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. கான்கிரீட் தளத்தில் மழைநீர் மேலேயே ஓடிவிடும். ஜல்லியில் அது உள்ளே இறங்கி, சுவரின் பாதத்துக்குக் கீழே இருக்கும் மண்ணை இளக்கும். ஆகவே இங்கே சுவரின் முதுகை மட்டுமல்ல, பாதத்தையும் காப்பாற்ற வேண்டும்.

நீங்களே எவ்வளவு உயரம் கட்டலாம்

பாதை மட்டத்துக்கு மேல் 80 செ.மீ. வரை தாராளமாகக் கட்டலாம். ஒரு மீட்டரை நெருங்கினால் கட்டுமானப் பொறியாளரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். உயரம் இரு மடங்கானால் மண் தள்ளும் விசை நான்கு மடங்காகும். சுவரைக் கவிழ்க்கும் திருப்பம் எட்டு மடங்காகும். மேட்டின் மேல் வீடோ, வண்டி நிற்கும் இடமோ, செங்குத்தான சரிவோ இருந்தால் உயரம் குறைவாக இருந்தாலும் பொறியாளர் வேண்டும். உள்ளூர் அனுமதி தேவையா என்பதையும், தோண்டும் இடத்தில் மின்கம்பி, தண்ணீர்க் குழாய் போகிறதா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பொருள் கணக்கு

10 மீட்டர் நீளம், கண்ணுக்குத் தெரியும் உயரம் 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கல்லின் அளவு: நீளம் 45, உயரம் 20, ஆழம் 30 செ.மீ. தெரிவது நான்கு வரிசை, மண்ணுக்குள் போவது ஒரு வரிசை, ஆக ஐந்து. வரிசைக்கு 23 கல் வீதம் 115. வெட்டுச் சேதத்தையும் சேர்த்து 120 வாங்குங்கள். பின்விளிம்பின் அடியில் உதடு போல நீட்டம் உள்ள கல்லாகப் பாருங்கள். அந்த உதடு கீழ்க்கல்லின் முதுகைப் பிடித்துக்கொள்வதால் மேல்கல் முன்னே வழுக்காது. ஒவ்வொரு வரிசையும் 2 செ.மீ. அளவுக்குத் தானாகவே பின்வாங்கும்.

அடித்தளத்துக்கு, தூசியோடு கலந்த 20 மி.மீ. ஜல்லி 1.4 கன மீட்டர். இறுகியபின் அது 1.1 கன மீட்டர் அளவுக்கு அடங்கும். சுவருக்குப் பின்னால் நிரப்ப, தூசியில்லாத சுத்தமான 20 மி.மீ. ஜல்லி 2.5 கன மீட்டர். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். தூசி கலந்தது இறுகும், ஆனால் தண்ணீரைச் சரியாக விடாது. சுத்தமான ஜல்லி தண்ணீரை விடும், ஆனால் அடித்தளத்தில் போட்டால் மேலே கல்லை மட்டம் பார்த்து உட்கார வைப்பது பெரும்பாடு. வந்து இறங்கியது சுத்தமான ஜல்லிதானா என்று பார்க்க, ஒரு கைப்பிடி எடுத்து வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். தண்ணீர் கலங்கலாக மாறினால் அந்த லோடு வடிகாலுக்கு ஆகாது.

இவை தவிர 10 செ.மீ. விட்டமுள்ள துளைக்குழாய் 11 மீட்டர், 2 மீட்டர் அகலத்தில் ஜியோ டெக்ஸ்டைல் துணி (மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடுவது) 11 மீட்டர், பரப்புவதற்குக் கொஞ்சம் பெருமணல், மேலே மூடுகல், அதை ஒட்டக் கட்டுமானப் பசை. கருவிகளில் மம்பட்டி, கடப்பாரை, ரசமட்டம், டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்), நூல், ரப்பர் சுத்தியல், திமிசுக்கட்டை ஆகியவை கட்டாயம். ஜல்லியையும் மண்ணையும் இறுக்கும் இயந்திரமான பிளேட் காம்பாக்டரை வாடகைக்கு எடுத்தால் போதும்.

படி 1: நூல் கட்டி வானம் தோண்டுதல்

சுவரின் முகம் வரும் இடத்தில் இரு முனையிலும் முளையடித்து நூல் கட்டுங்கள். நூலுக்குப் பாதைப் பக்கம் 15 செ.மீ., மேட்டுப் பக்கம் 60 செ.மீ. தள்ளிச் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுங்கள். வானத்தின் அகலம் 75 செ.மீ. இதில் 30 கல்லுக்கு, 30 பின்னால் போகும் ஜல்லிக்கு. ஆழம் 35 செ.மீ.: அடித்தளம் 15, புதையும் வரிசை 20. ஆழத்தைக் கணக்கிடும்போது பாதையில் மேலாகக் கிடக்கும் தளர்ந்த ஜல்லியை ஒதுக்கிவிட்டு, இறுகிய மட்டத்திலிருந்து அளக்க வேண்டும்.

பாதை சரிவாக இருந்தால் வானத்தின் அடியைச் சரிவாக விடக்கூடாது. தாழ்ந்த முனையில் தொடங்கி மட்டமாகத் தோண்டிக்கொண்டே போய், நிலம் 20 செ.மீ. உயர்ந்ததும் ஒரு படி ஏறுங்கள். படியின் உயரம் கல்லின் உயரத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். 18 அல்லது 22 என்று வந்தால் அந்த இடத்தில் வரிசைகள் ஒன்றோடொன்று சேராது.

மேட்டை வெட்டும்போது செங்குத்தாக நிறுத்தாமல் கொஞ்சம் பின்சாய்வாக வெட்டுங்கள். வெட்டிய மேட்டை மழையில் திறந்து போடாதீர்கள், தார்ப்பாய் போர்த்துங்கள். ஒரே நாளில் எவ்வளவு அடுக்க முடியுமோ அவ்வளவு நீளத்தை மட்டும் வெட்டுவது நல்லது. வெட்டு முகத்தின் அடியில் யாரையும் உட்கார விடாதீர்கள்.

படி 2: அடித்தளம்

வானத்தின் அடி மண்ணைத் திமிசால் இடியுங்கள். எங்காவது குழைவாகவோ கருப்பாக மக்கியோ இருந்தால் அதைத் தோண்டி எடுத்துவிட்டு ஜல்லி போட்டு இறுக்குங்கள். பிறகு தூசி கலந்த ஜல்லியை இரண்டு தடவையாகப் போட வேண்டும். ஒவ்வொன்றும் இறுகியபின் 7.5 செ.மீ. இருக்கட்டும். 15 செ.மீ. மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டி இயந்திரத்தை ஓட்டினால் மேல்தோல் இறுகும், அடி தளர்வாகவே இருக்கும்.

ஜல்லியில் ஈரம் சரியாக இருந்தால்தான் இறுகும். ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டையாகப் பிடித்து, விரலால் தட்டினால் இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் பதம் சரி. உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். உள்ளங்கை நனைந்து சொட்டினால் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள். இறுகிய தளத்தில் செருப்புக் குதிகாலால் ஓங்கி ஊன்றிப் பாருங்கள், தடம் விழக்கூடாது.

படி 3: முதல் வரிசை

இந்த வரிசைக்கு அரை நாள் போனாலும் போகட்டும். மேலே வரும் நான்கு வரிசையும் இதைப் பார்த்துத்தான் நிற்கும். 30 செ.மீ. ஆழமுள்ள கல் 3 மி.மீ. முன்சாய்ந்து உட்கார்ந்தால், ஒரு மீட்டர் உயரத்தில் சுவர் 1 செ.மீ. பாதைப் பக்கம் தலை நீட்டும். மேலே போய் அதைத் திருத்த முடியாது.

தளத்தின் மேல் பெருமணலை 2 செ.மீ. கனத்தில் பரப்பி மட்டப்பலகையால் இழுத்துவிடுங்கள். தளத்தில் பள்ளம் இருந்தால் அதை மணலால் நிரப்பி ஏமாற்ற வேண்டாம், ஜல்லி போட்டு மறுபடி இறுக்குங்கள். முதல் வரிசைக் கல்லின் உதட்டை உளியால் தட்டி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கல் படியாது. தாழ்ந்த முனையில் முதல் கல்லை வைத்து, ரசமட்டத்தை முதலில் நீளவாக்கில் வையுங்கள். குமிழி எந்தப் பக்கம் ஏறி நிற்கிறதோ அந்தப் பக்கத்தை ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். பிறகு மட்டத்தை முன்பின்னாகத் திருப்பி வைத்து அதே வேலை. இந்தப் பக்கம் தட்டும்போது முன்பு பார்த்த மட்டம் கலையும், மறுபடி பாருங்கள். இரண்டு திசையிலும் குமிழி நடுவில் நின்றபின்தான் அடுத்த கல்.

நூலைக் கல்லின் முகத்தோடு ஒட்டிப் பார்க்காதீர்கள். முகம் பெரும்பாலும் கரடுமுரடாக இருக்கும். பின்விளிம்பு நேராக இருக்கும், நூல் அங்கேதான். ஐந்தாறு கல் வைத்தபின் நீளமான பலகையை மேலே போட்டு, அதன் மேல் மட்டம் பாருங்கள். முனைக்கு முனை டியூப் லெவல்.

வரிசை முடிந்ததும் முன்பக்க 15 செ.மீ. இடைவெளியைத் தோண்டிய மண்ணாலேயே நிரப்பித் திமிசால் இடித்துவிடுங்கள். இதைக் கடைசிக்குத் தள்ளினால், பின்னால் ஜல்லி இடிக்கும்போது வரிசை முன்னே நகரும்.

படி 4: துணி, குழாய், ஜல்லி

ஜியோ டெக்ஸ்டைல் துணியை வெட்டிய மேட்டின் முகத்தில் விரித்து, கீழ்முனையைக் கல்லின் முதுகு வரை இழுத்துவிடுங்கள். மேல்முனை மேட்டின் மேல் கிடக்கட்டும், கடைசியில் மடிக்க வேண்டும். துண்டு சேரும் இடத்தில் 30 செ.மீ. ஒன்றின் மேல் ஒன்று படிய வேண்டும். இந்தத் துணி இல்லாவிட்டால் மண் கரைந்து ஜல்லியின் இடுக்கையெல்லாம் அடைத்துவிடும், பிறகு ஜல்லி போட்டும் பயனில்லை.

கல்லின் முதுகை ஒட்டிக் கொஞ்சம் சுத்தமான ஜல்லி பரப்பி அதன் மேல் குழாயை வையுங்கள். துளைகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி வைப்பது பலரும் செய்யும் தப்பு. துளை மட்டத்துக்குத் தண்ணீர் ஏறும்வரை குழாய்க்குள் எதுவும் நுழையாது. வாட்டம் 100-க்கு 1, அதாவது 10 மீட்டரில் 10 செ.மீ. பாதையின் தாழ்ந்த முனையில் குழாயின் வாய் திறந்தவெளியில் முடியட்டும், எலி புகாமல் வலை கட்டுங்கள். நிலம் தட்டையாக இருந்து வெளியே போக வழியில்லையென்றால், குழாயைப் பாதை மட்டத்துக்குச் சற்று மேலாக உயர்த்தி வைத்து, அதன் கீழ்ப்பகுதியை இறுகிய மண்ணால் நிரப்பி, சுவரின் முகத்தில் ஒரு கல்லைக் குடைந்து வாயை வெளியே விடுங்கள்.

படி 5: மேலே அடுக்குதல்

ஒவ்வொரு வரிசைக்கும் முன் கீழ்க்கல்லின் தலையைத் துடைப்பத்தால் பெருக்குங்கள். பட்டாணி அளவுக் கல் ஒன்று சிக்கினாலும் மேல்கல் ஆடும். கீழே இரண்டு கல் சேரும் இடத்துக்கு நடுவில் மேல்கல் வர வேண்டும்; மூட்டின் மேல் மூட்டு வரக்கூடாது. ஓரத்துக்கு அரைக்கல் வெட்டும்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டுங்கள், முகக்கவசமும் கண்ணாடியும் போடுங்கள். கான்கிரீட் தூசி நுரையீரலுக்கு மிகவும் கெட்டது.

ஒரு வரிசை வைத்ததும் பின்னால் 30 செ.மீ. அகலத்துக்கு ஜல்லி, துணிக்கு அப்புறம் மண். எல்லாம் 20 செ.மீ. உயரத்துக்கு மேல் போகக்கூடாது. இடித்தபின்தான் அடுத்த வரிசை. ஐந்து வரிசையும் அடுக்கிவிட்டு மொத்தமாக நிரப்புவது சுவரைத் தள்ளிக் கவிழ்க்கிற நேர்வழி. காம்பாக்டரைச் சுவருக்கு ஒரு மீட்டர் தள்ளியே ஓட்டுங்கள், அதற்குள் திமிசுக்கட்டை மட்டும். நிரப்பும் மண் களிமண்ணாக இருந்தால் அதைத் தள்ளிவிட்டு மணற்பாங்கான மண் கொண்டுவாருங்கள். களி ஈரத்தில் உப்பும், காய்ந்தால் வெடிக்கும்; அந்த வெடிப்பில் அடுத்த மழை இறங்கும்.

படி 6: தலை

மேலிருந்து 20 செ.மீ. வரும்போது ஜல்லியை நிறுத்தி, துணியை அதன் மேல் மடித்துப் போர்த்துங்கள். அதற்கு மேல் மட்டும் இறுக்கமான மண். மேலே ஓடும் நீர் நேராக ஜல்லிக்குள் விழாமல் இருக்க இது வேண்டும். மேட்டிலிருந்து வரும் தண்ணீரைத் திருப்ப, சுவருக்கு அரை மீட்டர் பின்னால் ஆழமில்லாத ஒரு வாய்க்கால் இழுங்கள். மூடுகல்லை ஈரமில்லாத நாளில் பசை வைத்து ஒட்டினால் போதும்.

பாதைப் பக்கம்

சுவரின் பாதத்தில் ஜல்லியைப் பரப்பி, சுவரிலிருந்து விலகி 50-க்கு 1 வாட்டம் கொடுங்கள். பின்னாளில் பாதையைச் சமன் செய்ய இயந்திரம் வரும்போது சுவரோரம் 30 செ.மீ. விட்டுத்தான் சுரண்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று செ.மீ. சுரண்டினால் புதைந்த முதல் வரிசை சில ஆண்டுகளில் வெளியே வந்துவிடும், சுவரின் அடி வழுக்கத் தொடங்கும். சக்கரம் உரசாமல் இருக்க ஓரமாக நான்கைந்து பெரிய கல்லைப் போட்டு வைக்கலாம்.

உங்கள் இடத்தில் பாதை மேலேயும் பள்ளம் கீழேயும் இருந்தால் கணக்கே வேறு. வண்டியின் எடையும் சுவரைத் தள்ளும். சுவரின் உயரத்துக்குக் குறையாத தூரத்தில்தான் சக்கரம் ஓட வேண்டும். அந்த இடம் கிடைக்காவிட்டால் மண்ணுக்குள் ஜியோகிரிட் வலை போட்டுக் கட்ட வேண்டியிருக்கும். அதன் நீளத்தையும் இடைவெளியையும் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

சுவர் காட்டும் அறிகுறிகள்

நடுவயிறு தள்ளினால் பின்னால் தண்ணீர் தேங்குகிறது, அல்லது மண் இறுகவில்லை. ஒரு முனை மட்டும் இறங்கினால் அடித்தளத்தில் கோளாறு. அடிவரிசை முன்னே நகர்ந்தால் புதைவு போதவில்லை. தலை மட்டும் சாய்ந்தால் மேலே கூடுதல் பாரம் ஏறியிருக்கிறது. கலவை இல்லாத சுவர் என்பதால் அந்தப் பகுதியை மட்டும் பிரித்து, காரணத்தைச் சரிசெய்து மறுபடி அடுக்கலாம்.

முதல் பெரிய மழை விட்டதும் குழாயின் வாயைப் போய்ப் பாருங்கள். தெளிந்த நீர் வந்தால் வேலை சரி. கலங்கலாக வந்துகொண்டே இருந்தால் துணி எங்கோ கிழிந்திருக்கிறது, அல்லது சேரும் இடத்தில் விலகியிருக்கிறது. மேடு ஊறியிருந்தும் ஒரு சொட்டுகூட வரவில்லையென்றால் வாய் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாட்டம் எதிர்ப்பக்கம் விழுந்திருக்கும். அடுத்த மழைக்கு முன் அந்த முனையைத் திறந்து குழாயைச் சரிசெய்துவிடுங்கள்.